அண்ணாச்சி வைத்த பேர்

அண்ணாச்சி பேர் வைத்த அன்று சாயங்காலமே தங்கபுஷ்பத்தின் மகளுடைய நிழல் மாறிப்போனது. மாறியதை முதலில் பார்த்தது யார் என்பதில்தான் மேலக்கொம்பூரில் இன்றுவரை சண்டையே தவிர, மாறியதில் யாருக்கும் சந்தேகமில்லை. ரெட்டைச் சடையும் மஞ்சள் பாவாடையுமாக, பாதி தின்ற லட்டைக் கையில் பிடித்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கிய அந்தச் சின்னப் பெண்ணின் காலடியிலிருந்து, தொப்பையும் தோள்துண்டும் முறுக்கு மீசையுமாக ஒரு பெரிய ஆம்பிளையின் நிழல் புறப்பட்டு, நாற்காலிகளைத் தாண்டி, பந்திப் பாத்திரங்களைத் தாண்டி, கல்யாண மண்டபத்துச் சுவரில் ஏறி நிமிர்ந்து நின்றது. கூட்டம் கொஞ்ச நேரம் பார்த்தது. "நம்ம அண்ணாச்சில்லா!" என்று ஒரு குரல் வந்தது. உடனே முன்வரிசையில் இருந்தவர்கள் செருப்பைக் கழற்றினார்கள்.

அவ்வளவுதான் நடந்தது. யாரும் அலறவில்லை, யாரும் டாக்டரிடமோ கோயிலுக்கோ ஓடவில்லை, பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு இது என்ன கொடுமை என்று கேட்க ஒரு ஆள் இல்லை. கேட்க நினைத்த ஒரே ஆள் தங்கபுஷ்பம். அவள் கையை அவள் புருஷன் வைகுண்டமணி இறுக்கிப் பிடித்திருந்தான். "அழுது காரியத்தக் கெடுத்துராத," என்று பல்லுக்கு நடுவில் சொன்னான். "எவனுக்குக் கெடைக்கும் இது?"

அந்த ஊரில் பிள்ளை பெறுவது பெற்றவர்கள் பாடு, பேர் வைப்பது செல்லப்பெருமாள் அண்ணாச்சி பாடு. டவுனிலிருந்து அவர் ஊருக்கு வரும்போது மேடையில் வைத்து அவர் வாயால் ஒரு பேர் வாங்க வேண்டும், அதுவரை பிள்ளை பிள்ளையாகவே கிடக்கும். தங்கபுஷ்பத்துக்கு மகள் பிறந்தபோது அண்ணாச்சி வருவதாக இருந்து வரவில்லை, ஒருவன் தாடையை உடைத்த வழக்கில் ஜெயிலுக்குப் போய்விட்டார். வைகுண்டமணி கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஜெயில் வாசல் வரைக்கும் போய், போலீஸ்காரன் விரட்டியடிக்கத் திரும்பி வந்தான். வெளியே வந்த பிறகு அவருக்கு உடம்பு சரியில்லை, உடம்பு சரியான பிறகு தேர்தல், தேர்தல் முடிந்த பிறகு தோற்ற கோபம். இதற்குள் பிள்ளைக்குப் பல் முளைத்து, நடந்து, பேசி, பள்ளிக்கூடத்துக்குப் போகும் வயசும் வந்துவிட்டது. பேர் என்ன என்று கேட்ட ஹெட்மிஸ்ட்ரஸிடம் வைகுண்டமணி, "பேரு வருது டீச்சர், வந்துக்கிட்டே இருக்கு," என்றான், ஏதோ லாரியில் ஏற்றி அனுப்பியிருப்பது போல.

அப்படி என்ன செய்துவிட்டார் அண்ணாச்சி என்று கேட்டால் ஊரில் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். ஒரு காலத்தில் தாலுகா ஆபீசில் வைத்து ஒரு அதிகாரியைக் கன்னத்தில் அறைந்தார். எதற்காக அறைந்தார் என்பது யாருக்கும் ஞாபகமில்லை, அறைந்த சத்தம் மட்டும் எல்லோருக்கும் ஞாபகமிருந்தது, அன்றைக்குப் பிறந்தே இராதவர்கள்கூட அந்தச் சத்தத்தை வாயால் செய்து காட்டுவார்கள். பள்ளிக்கூடம் கட்டினாரா? இல்லை. தண்ணீர் கொண்டுவந்தாரா? வைகுண்டமணி தண்ணி லாரி ஓட்டித்தான் குடும்பம் நடத்துகிறான், ஊரில் குழாய்க்குத் தண்ணீர் வந்திருந்தால் அவன் எப்போதோ வேறு தொழிலுக்குப் போயிருப்பான். அடித்தார், அதனால் பெரிய ஆள். சொல்லவே வயிறு எரிகிறது, ஆனால் இவ்வளவுதான் விஷயம்.

பேர் வைத்ததாவது ஒழுங்காக வைத்தாரா என்றால் அதுவும் இல்லை. புது மண்டபத் திறப்பு விழா, மேடை முழுக்க ஆள், வைகுண்டமணி பிள்ளையை நீட்ட, போனில் யாரையோ ஏசிக்கொண்டிருந்த அண்ணாச்சி பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்காமல் மைக்கைப் பிடித்து, "வெற்றிவேந்தன்!" என்றார். கைதட்டல் மண்டபத்தைப் பிய்த்துக்கொண்டு போனது.

"அண்ணாச்சி, இது பொட்டப்பிள்ள," என்றாள் தங்கபுஷ்பம்.

மைக்குக்குக் கேட்டது, கூட்டத்துக்குக் கேட்டது, அண்ணாச்சிக்கு மட்டும் கேட்கவில்லை. அவர் அடுத்த சால்வைக்குக் குனிந்துவிட்டார். பக்கத்தில் நின்ற வார்டு மெம்பர் அவளைப் பார்த்துக் கையமர்த்தினார். "வாயில வந்துட்டுல்லாம்மா. வந்தத மாத்த முடியுமா? இனிமே இவன் வெற்றிவேந்தன்தான்."

"இவன் இல்ல, இவ."

"சரி, இவ வெற்றிவேந்தன்."

இப்படியாக அஞ்சு வயசு வரைக்கும் பேருக்குக் காத்திருந்த பெண் பிள்ளைக்கு ஒரு ஆம்பிளையின் பேரும், அந்தப் பேரோடு ஒரு ஆம்பிளையின் நிழலும் வந்து சேர்ந்தன. ஊர் அதைத் தன் பழக்கத்தில் சேர்த்துக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவள் தெருவில் வந்தால் செருப்போடு யாரும் நிழலை மிதிக்கவில்லை, சைக்கிளில் வந்தவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள், காலையில் அவள் பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் நிழல் விழுகிற சுவர்களுக்கெல்லாம் வீட்டுக்காரர்கள் தங்கள் செலவில் வெள்ளையடித்துவிட்டார்கள், பட்டா மாறவில்லை என்றும் முதியோர் பென்ஷன் நின்றுபோனது என்றும் சொல்ல வந்தவர்கள் அவளை வெயிலில் நிறுத்தி வைத்து நிழலைப் பார்த்துக் கும்பிட்டுச் சொல்லிவிட்டு, காரியம் முடிந்தது போலத் திருப்தியாக வீட்டுக்குப் போனார்கள். வகுப்பில் டீச்சர் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்தாள், நிழல் கரும்பலகையில் விழுந்த நேரத்தில் பாடமே நடக்கவில்லை. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் மாலையோடு வந்தார்கள், நிழலின் கழுத்து எங்கே வருகிறது என்று பார்த்துச் சுவரில் ஆணி அடித்து மாலையை மாட்டினார்கள், அவள் நகர்ந்ததும் மாலை வெறும் சுவரில் தொங்கியது.

பிள்ளைகள்தான் அவளோடு சேரவில்லை. ஓடிப் பிடித்து விளையாடினால் நிழலை மிதிக்க வேண்டிவரும், மிதித்தால் வீட்டில் அடி விழும். அவள் அம்மாவின் மாவுக்கடை வாசலில், கூரை நிழலுக்குள், தன் நிழல் தெரியாத இடமாகப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். தங்கபுஷ்பம் கிரைண்டரில் இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கிறவள், சாயங்காலம் ஊர்ப் பெண்கள் எல்லோரும் அவள் கடைக்கு வந்துதான் ஆகவேண்டும். "வேந்தா, வெயிலுக்கு வாயேன், அண்ணாச்சியப் பாத்துட்டுப் போறோம்," என்பார்கள். மகள் அம்மாவின் முகத்தைப் பார்ப்பாள். வானம் மூடியிருக்கிற நாட்களில்தான் பிள்ளைகள் அவளை விளையாடக் கூப்பிட்டார்கள், அதனால் ஐப்பசி கார்த்திகை என்றால் அவளுக்கு உயிர்.

நிழல் அவளைப் போல நிற்பதில்லை, நடப்பதில்லை. அவள் பேசாமல் நிற்கும்போது அது மீசையை முறுக்கியது, இலையில் குனிந்து சாப்பிட்டது, காதைக் குடைந்தது. டவுனில் அண்ணாச்சி அந்த நேரத்தில் என்ன செய்கிறாரோ அதை மேலக்கொம்பூரில் அது செய்தது. ஊருக்கு இது இன்னும் வசதி. "அண்ணாச்சி சாப்ட்டாச்சு," என்று சொல்லிவிட்டுச் சிலர் தங்கள் இலையில் கை வைத்தார்கள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, தண்ணி லாரி தெருவில் வந்து நின்று பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்க, மகள் அப்பாவுக்குத் துணையாக லாரியோரம் நின்றாள். வெள்ளை பெயிண்ட் அடித்த டேங்கில் நிழல் முழுசாக விழுந்தது. நிழல் தோளில் கிடந்த துண்டை உருவியது. முறுக்கியது. ஓங்கிக் கீழ்நோக்கி அடித்தது, மறுபடி அடித்தது, இடது கையால் எதையோ கொத்தாகப் பிடித்து மேலே தூக்கி வைத்துக்கொண்டு அடித்தது. அடிபட்டது யார் என்று டேங்கில் தெரியவில்லை, ஆனால் இடது கை பிடித்திருந்த பிடியிலேயே அது தலைமுடி என்று அங்கே நின்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரிந்தது. குடம் நிறைந்து வழிந்தது. குழாயை மூட யாருக்கும் கை வரவில்லை.

"துண்ட ஒதறுதாவ," என்றாள் பக்கத்து வீட்டுச் செல்லக்கனி கடைசியில்.

"கரப்பான் பூச்சியா இருக்கும்," என்றாள் இன்னொருத்தி.

"பெரிய மனுசங்க ஒடம்புக்கு ஏதாச்சும் பயிற்சி செய்வாவ."

தங்கபுஷ்பம் குடத்தை நங்கென்று கீழே வைத்தாள். "கண்ணு அவிஞ்சா போச்சு ஒங்களுக்கு? ஒரு பொம்பளையத் தலமயிரப் புடிச்சு அடிக்கான், பாத்துக்கிட்டு நிக்கிய."

செல்லக்கனிக்கு முகம் மாறிவிட்டது. "ஏ தங்கபுஷ்பம், அடிக்கான்னு சொல்லாத. அடிக்காவன்னு சொல்லு."

இதற்குப் பிறகு அது வாடிக்கையாகிவிட்டது. காலை வெயிலில் அடித்தது, மத்தியானம் காலடியில் குறுகிக் கிடந்தபோதும் உதைத்தது, சாயங்காலம் தெரு நீளத்துக்கு நீண்டு, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஏறி இறங்கி அடித்தது. ஊர் கண்ணை மூடவில்லை, மூடியிருந்தாலாவது ஒரு மரியாதை இருந்திருக்கும். நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தது, பார்த்ததற்கெல்லாம் ஒரு விளக்கம் கண்டுபிடித்தது, கண்டுபிடித்த விளக்கத்தை மாவுக்கடையில் வைத்து ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லிப் பழகியது. கோபக்காரர்தான், ஆனால் மனசு தங்கம். வீட்டு விஷயம், நமக்கெதற்கு. அவள் என்ன செய்தாளோ. இந்தக் கடைசி வார்த்தையைச் சொன்னவளுக்குத் தங்கபுஷ்பம் அன்றைக்கு மாவு கொடுக்கவில்லை.

நிழல் ஆளைப் பின்தொடர்வதுதான் எங்கும் வழக்கம். இந்தப் பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாக நிழலைப் பின்தொடர ஆரம்பித்தாள். முதலில் அது மீசையை முறுக்கும்போது இவள் விரல்கள் உதட்டோரம் போயின, ஊர் கைதட்டிச் சிரித்தது. அப்புறம் அது ஓங்கும்போது இவள் கையும் தானாக ஓங்கியது. செல்லக்கனிக்கு மூன்று வயசில் ஒரு பையன் இருந்தான், அவனும் மண்டபத் திறப்பன்று மேடையில் இடம் கிடைக்காமல் போய், அண்ணாச்சியின் அடுத்த வருகைக்காகப் பேரில்லாமல் காத்திருக்கிறவன், அவன்தான் நிழலைப் பற்றி ஒன்றும் தெரியாமல் அவளோடு மண்ணில் விளையாட வருகிற ஒரே ஜீவன். ஒரு நாள் அவனை அவள் பளாரென்று அறைந்தாள். மாவுக் கையோடு ஓடி வந்தாள் தங்கபுஷ்பம்.

"எதுக்குட்டி அவன அடிச்ச?"

"நான் அடிக்கலம்மா," என்றாள் மகள். "கை போயிட்டு."

அழுத பையனைத் தூக்கிக்கொண்டு செல்லக்கனி வந்தாள். மன்னிப்புக் கேட்கத் தங்கபுஷ்பம் வாயைத் திறப்பதற்குள் செல்லக்கனி, "ஒங்கிட்ட ஒண்ணு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்," என்றாள். அவள் முகமெல்லாம் சிரிப்பு. "அண்ணாச்சி கைல்லா பட்டுருக்கு! ரெண்டு நாளைக்குக் கன்னத்தக் கழுவப்பிடாதுன்னு சொல்லிட்டேன்."

அடுத்த வாரத்திலிருந்து பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளை, பயந்தாங்கொள்ளிப் பிள்ளைகளை, சோறு தின்னாத பிள்ளைகளை எல்லாம் பெற்றவர்கள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து அவள் முன்னால் நிறுத்தினார்கள். நிழல் எப்போது கையை ஓங்கும் என்று காத்திருந்து, ஓங்கியதும் தங்கள் பிள்ளையின் முகத்தை முன்னால் நீட்டினார்கள். பிள்ளைகள் அழுதார்கள், தாய்மார்கள் கும்பிட்டார்கள், வைகுண்டமணி பக்கத்தில் நின்று ஒழுங்கு செய்தான். தங்கபுஷ்பம் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு விரட்டினாள், அவர்கள் அவள் இல்லாத நேரம் பார்த்து வந்தார்கள். ஒரு சாயங்காலம் மகள் பள்ளிக்கூடப் பையை மாட்டிவிட்டு அம்மாவிடம் வந்து, முகத்தை நிமிர்த்தி, "இன்னைக்கு நல்லா அடிச்சேனாம்மா? எல்லாரும் நல்லா அடிச்சேன்னு சொன்னாவ," என்றாள். கை போயிட்டு என்று அவள் சொல்லவில்லை.

தங்கபுஷ்பம் மகளைப் பிடித்து இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள், மகளின் வலது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டு புருஷன் வரும்வரை அப்படியே இருந்தாள்.

"பேர மாத்துங்க," என்றாள் அவன் செருப்பைக் கழற்றும் முன்பே.

"கிறுக்குப் புடிச்சிருக்கா ஒனக்கு? ஊரே மதிக்குது நம்ம பிள்ளைய."

"மதிக்குதா, பயப்படுதா?"

"ரெண்டும் ஒண்ணுதான்," என்றான் வைகுண்டமணி. உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னான், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஹெட்மிஸ்ட்ரஸிடம் போனாள். அந்த அம்மாள் கதவைச் சாத்திவிட்டுப் பேசினாள், நல்லவள்தான், பயந்தவள். "அவர் வச்ச பேர நான் அடிச்சுத் திருத்துனேன்னு வெளிய தெரிஞ்சா நான் இந்த ஊர்ல வேலை பாக்க முடியாதும்மா. ஒங்க பொண்ணு நல்லாப் படிக்கிறா. அதப் பாருங்க." தங்கபுஷ்பம் அதைப் பார்த்தாள். படித்துக்கொண்டே அடிக்கவும் செய்யலாம், அதில் ஒன்றும் கஷ்டமில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

அந்த வருஷம் அண்ணாச்சியின் பிறந்தநாளுக்கு அவர் வரமுடியாது என்று செய்தி வந்தது. ஊரில் அதற்குள் பேரில்லாத பிள்ளைகள் பெருகிவிட்டிருந்தன; பெரியவன், நடுவுள்ளவ, தொட்டிலில் கிடப்பது என்று அடையாளம் சொல்லித்தான் பேச வேண்டியிருந்தது. ஆள் வராவிட்டால் என்ன, நிழல் இருக்கிறதே என்று வார்டு மெம்பர் ஒரு யோசனை சொன்னார், ஊர் ஏற்றுக்கொண்டது. பள்ளிக்கூட மைதானத்தில், மேற்கு வெயில் நேராக விழும்படி சுவருக்கு முன்னால் மேடை போட்டார்கள், பிள்ளையின் தோளில் வைகுண்டமணி ஒரு துண்டைப் போட்டு ஏற்றிவிட்டான். நிழல் சுவர் முழுக்க எழுந்தது. பேரில்லாத பிள்ளைகளோடு பெற்றவர்கள் வரிசையில் நின்றார்கள். அவள் வாயில் என்ன வருகிறதோ அதுதான் பேர், அதற்கு முன்னால் கன்னத்தில் ஒன்று. வரிசையில் முதல் ஆள் செல்லக்கனியின் மகன், அவளைக் கண்டதும் முகத்தை அம்மாவின் சேலையில் புதைத்துக்கொண்டான்.

தங்கபுஷ்பம் கிரைண்டரை ஓடவிட்டுவிட்டு வந்தாள். கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு மேடையில் ஏறி, "இறங்குட்டி கீழே," என்று மகளின் தோளில் கிடந்த துண்டைப் பிடுங்கி எறிந்தாள். அந்த நேரத்தில்தான் சுவரில் அண்ணாச்சி துண்டை முறுக்காமல் வெறுங்கையை ஓங்கினார். மகளின் கையும் ஓங்கியது. அம்மாவின் முகத்துக்கு நேரே ஓங்கியது. கீழே யாரோ விசிலடித்தார்கள். தங்கபுஷ்பம் நகரவில்லை, மகளின் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அந்தக் கண்ணில் மகள் இருக்கிறாளா என்று தேடினாள்.

கை இறங்கவில்லை.

சுவரில் அந்தப் பெரிய கை மணிக்கட்டோடு அந்தரத்தில் நின்றது. அது இறங்கப் பார்த்தது, முடியவில்லை. உதறிப் பார்த்தது, முடியவில்லை. மற்றக் கை பாய்ந்து வந்தது, அதுவும் பாதி வழியில் நின்றது. தாலுகா ஆபீசில் அதிகாரியை அறைந்த கை, ஊரே வாயால் சத்தம் செய்து காட்டிய கை, யாரோ ஒருவருடைய பிடியில் கிடந்து நடுங்கியது, தொப்பை ஏறி இறங்கியது, தோளில் கிடந்த துண்டு நழுவிக் கீழே விழுந்தது, முழங்கால் மெல்ல மடங்கியது. மைதானத்தில் தொட்டில் பிள்ளைகள்கூட அழவில்லை.

"அம்மா," என்றாள் மகள், தூக்கிய கையை இறக்காமல். "யாரோ ஒரு அத்த என் கையப் புடிச்சிருக்காவ. வெரலு சொரசொரன்னு இருக்கு, பாத்திரம் தேச்ச கை மாதிரி."

"ஒனக்கு வலிக்குதாட்டி?"

"இல்ல. அடிக்காதன்னு புடிக்காவ."

கொஞ்ச நேரம் கழித்துக் கையை அவளாகவே இறக்கினாள். சுவரில் இருந்தது அப்படியே பிடிபட்டு நின்றது.

அப்போதுதான் ஊருக்குப் பேச்சு வந்தது. "எந்த மூதேவி அது?" என்று கத்தினார் வார்டு மெம்பர். "அண்ணாச்சி கையப் புடிக்க எவளுக்குத் தைரியம்?" "சோறு போட்ட வீட்ல இப்படிச் செய்வாளா?" "வேலைக்காரச் சிறுக்கியாத்தான் இருக்கும்!" என்று வரிசையில் நின்றவர்கள், கைப்பிள்ளைக்காரர்கள், செல்லக்கனி, எல்லோரும் கத்தினார்கள். தங்கபுஷ்பம் மேடையில் நின்று அவர்களைப் பார்த்தாள். துண்டை உதறுவதாகவும் கரப்பானை அடிப்பதாகவும் இத்தனை மாசம் சொன்ன வாய்கள். அடித்ததைப் பார்க்காத கண்ணெல்லாம் பிடித்ததை உடனே பார்த்துவிட்டன. அப்படியானால் இவர்களுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்தது, அடிவாங்குகிறவள் ஒரு பெண் என்று தெரியும், அவள் அந்த வீட்டு வேலைக்காரி என்றும் தெரியும், தெரிந்துதான் தங்கள் பிள்ளைகளின் கன்னத்தை நீட்டினார்கள். அவள் காறித் துப்பினாள். மேடையில்தான் துப்பினாள், மகளைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். வைகுண்டமணி வாசலில் மறித்தான்.

"எங்க போறிய ரெண்டு பேரும்?"

"இவளுக்குப் பேரு கேக்க."

"யார்ட்ட?"

"அவன் கையப் புடிச்சவட்ட," என்றாள் தங்கபுஷ்பம். அவன் விலகவில்லை, அவள்தான் அவனைத் தள்ளிவிட்டுப் போனாள்.

டவுனில் அண்ணாச்சி வீட்டு முன்வாசலில் பெரிய கூட்டம், கையில் ஆரஞ்சும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக, கை சுளுக்கிக்கொண்டது என்று கேள்விப்பட்டு விசாரிக்க வந்தவர்கள். தங்கபுஷ்பம் அந்தப் பக்கமே போகாமல் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு நாற்பது வயசுப் பெண் ஒருத்தி மஞ்சள் பையோடு வெளியே வந்தாள். உதடு கிழிந்திருந்தது, ஒரு கண் வீங்கி மூடியிருந்தது, முடியை அள்ளி முடிந்திருந்த இடத்தில் ஒரு பக்கம் வெறுமையாக இருந்தது. மகள் ஓடிப்போய் அவள் விரல்களைத் தொட்டுப் பார்த்தாள்.

"இவியதாம்மா."

அந்தப் பெண் கையை இழுத்துக்கொண்டாள். "யாரு நீங்க? என்ன வேணும்?"

தங்கபுஷ்பம் எல்லாவற்றையும் சொன்னாள், பேருக்குக் காத்திருந்ததை, மேடையை, நிழலை, அடித்ததை, நேற்றுக் கை நின்றதை. அந்தப் பெண் கேட்டுக்கொண்டே நின்றாள். நிழலைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. அவளுக்கு வந்த கோபம் வேறு இடத்தில் வந்தது.

"ஏம்மா, பெத்தவ நீ. ஒரு பேரு வைக்கவா ஒனக்கு வக்கில்ல? எவனோ வந்து வைப்பான்னு பிள்ளையக் கைல வச்சுக்கிட்டு வருசக்கணக்கா நின்னிருக்க. அங்க வச்ச பேரு சரியில்லன்னு இப்ப இங்க தூக்கிக்கிட்டு வந்துருக்க. நானும் அவன மாதிரி மைக்கப் புடிச்சுச் சொல்லணுமாக்கும்?"

தங்கபுஷ்பத்துக்குச் சுருக்கென்றது.

"ஒங்க பேரு என்ன?" என்று கேட்டாள் மகள்.

"எம் பேரு எதுக்கு ஒனக்கு? இந்த வீட்ல ஒரு நாய் கேட்டதில்ல, ஏய்னு கூப்புட்டாப் போயி நிப்பேன்." பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு நின்றாள். "அவன் என்ன அடிச்சத ஒங்க ஊருல பாத்தியளா?"

"பாத்தோம். ஊரே பாத்துச்சு."

"நான் ஸ்டேஷனுக்குப் போறேன். இந்த வீட்ல இருக்கவன் எவனும் வாயத் தெறக்க மாட்டான். வந்து சொல்லுவியளா?"

தங்கபுஷ்பம் மகளைப் பார்த்தாள். மகள் ஏற்கெனவே அந்த மஞ்சள் பையின் ஒரு காதைப் பிடித்திருந்தாள்.

ஸ்டேஷனில் ஏட்டையா அவர்களை நிற்கவைத்தே வெகுநேரம் பார்த்தார். "யார் மேல கம்ப்ளைண்ட்னு தெரிஞ்சுதான் வந்திருக்கியா?" என்றார்.

"அடிக்கும்போது தெரிஞ்ச ஆளாத்தான் இருந்தான்," என்றாள் அந்தப் பெண்.

"சாட்சி?"

"நானும் எம்மவளும்," என்றாள் தங்கபுஷ்பம். "மேலக்கொம்பூர்ச் சுவத்துல பாத்தோம்."

ஏட்டையா பேனாவைக் கீழே வைத்தார். ஆச்சரியப்பட்டு வைக்கவில்லை. "அந்த நிழலா? நானும் ஒரு வாட்டி வந்து மாலை போட்டிருக்கேன்மா," என்றார் தணிந்த குரலில். "அன்னைக்கும் கைய ஓங்கிக்கிட்டுதான் இருந்துச்சு."

"பாத்தியள்லா? அப்ப எழுதுங்க."

அவர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். எழுத மாட்டார் என்றுதான் தங்கபுஷ்பம் நினைத்தாள். அவர் உட்கார்ந்து, வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, பேனாவை எடுத்தார். அந்த நேரத்தில் பிள்ளையின் நிழல் எப்படி இருந்தது என்று கேட்பவர்கள் உண்டு. அந்த அறையில் நாலு பக்கமும் ட்யூப்லைட், யாருடைய நிழலும் ஒழுங்காக விழவில்லை, அதைப் பார்க்க அங்கே யாருக்கும் நேரமும் இல்லை.

"ஒம் பேரு?"

"முப்பிடாதி," என்றாள் அந்தப் பெண். அந்த வீட்டுக்கு வேலைக்குப் போன பிறகு அவள் அதை உரக்கச் சொன்னது அன்றைக்குத்தான்.

"சாட்சி?"

"தங்கபுஷ்பம்."

"பிள்ள பேரு?"

வெற்றிவேந்தன் என்று சொல்லத் தங்கபுஷ்பத்துக்கு நாக்கு எழவில்லை. வேறு பேர் யோசிக்கவும் அவளுக்கு நேரமில்லை. மகள் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டி நின்றாள்.

"முப்பிடாதி," என்றாள்.

"அது இவிய பேரு. ஒம் பேரக் கேட்டேன் பாப்பா."

"அதத்தான் சொல்லுதேன். முப்பிடாதி."

பெரியவள் வீங்காத ஒற்றைக் கண்ணால் சின்னவளைத் திரும்பிப் பார்த்தாள். ஏசப்போகிறாள் என்று தங்கபுஷ்பம் நினைத்தாள். அவள் ஏசவில்லை.

"ரெண்டு பேருக்கும் ஒரே பேரா?" என்றார் ஏட்டையா.

"ஆமா," என்றாள் தங்கபுஷ்பம். "எழுதுங்க."